அஸ்தெக்கர் வீழ்ச்சி: எந்நூலை முதலில் படிப்பது?

அஸ்தெக்கர் வரலாற்றை அறிய விழையும் ஆசிரிய அன்பர் பலர் பிரெஸ்காட்டின் 'மெக்சிகோ வெற்றியின் வரலாறு' என்னும் நூலையே முதலில் நாடுகின்றனர். 1843இல் வெளிவந்த அந்நூலின் நடையழகை மறுப்பாரிலர். பார்வை குன்றிய ஒருவர், மெக்சிகோ மண்ணை ஒருநாளும் மிதியாமலே அதனை எழுதி முடித்தார் என்பதும் வியப்பே. ஆயினும், அதனை முதல் நூலாகக் கொள்ளலாகாது என்பேன். சில நூறு ஸ்பானியர் ஒரு பேரரசைச் சாய்த்த வீரகாவியமாகவே அது நெஞ்சில் பதிகிறது. பதிந்தது எளிதில் அகலாது.

முதலில் படிக்கத்தக்கவர் பெர்னால் டியாஸ். 1519இல் கோர்ட்டேஸுடன் கரையிறங்கிய போர்வீரர். முதுமையில் குவாத்தமாலாவிலிருந்து எழுதினார். 1584இல் அவர் மறைந்தார். நூல் அச்சேறியதோ 1632இல். மெக்சிகோவையே காணாத கோமரா என்பார் புகழனைத்தையும் கோர்ட்டேஸுக்கே சூட்டியதைக் கண்டு வெகுண்டவராதலின், தம் கூட்டத்தாரின் பெருமையைச் சற்று மிகுத்தே பேசுகிறார். கொள்ளைக்கு நியாயம் கற்பிக்கும் இடங்களும் உண்டு. எனினும், ஏரி நடுவே எழுந்த தெனோச்தித்லான் நகரைக் கண்டு திகைத்த கண்கள் அவருடையவை. த்லாஸ்கலா நாட்டார் பெரும்படையாகத் துணைநின்றதையும் அவர் மறைக்கவில்லை.

அடுத்துத் தோற்றவர் கூற்று. சகாகுன் பாதிரியார் நாகுவா அறிஞரைக் கொண்டு தொகுத்த 12 பகுதிகளுள் இறுதிப் பகுதி போரையும், 1520இல் பரவிய பெரியம்மையையும் கூறுவது. லியோன்-போர்ட்டியா 1959இல் வெளியிட்ட தொகுப்பு இக்குரலை உலகறியச் செய்தது. ஆனால் அதன் ஆங்கிலப் பதிப்பு, நாகுவாட்டல் மொழியிலிருந்து ஸ்பானியத்துக்கும், அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் சென்ற இருமுறை பெயர்ப்பு. மூலத்தை அணுக விரும்புவோர் லாக்ஹார்ட்டின் 1993ஆம் ஆண்டுப் பதிப்பைக் காண்க. சகாகுன் ஏட்டிலுள்ள ஸ்பானியப் பத்தி, நாகுவாட்டல் பத்தியின் நேர்பெயர்ப்பன்று என்பது அதில் தெளிவாகும்.

மொக்தெசூமா மன்னன் கோர்ட்டேஸைத் தெய்வமென மயங்கினான் என்னும் கதையை வகுப்பில் சொல்லாதார் அரியர். பாடநூல் எழுதுவோர்க்கும் அது வசதியானது. ஒரு பேரரசின் வீழ்ச்சியை ஒரே வரியில் முடித்துவிடலாம்! அக்கதை 1521ஆம் ஆண்டின் வீழ்ச்சிக்குப் பல ஆண்டுகள் கழித்து உருப்பெற்றது என்பதைக் கமில்லா டவுன்சென்ட் 'ஐந்தாம் சூரியன்' (2019) நூலில் நன்கு எடுத்துரைக்கிறார். நாகுவா மக்கள் தம் மொழியிலேயே எழுதிவைத்த ஆண்டுக்குறிப்புகளே அவர்தம் சான்றுகள். ஒவ்வோர் இயலையும் கற்பனைக் காட்சியுடன் தொடங்குவது மட்டும் எனக்கு உவப்பன்று; மாணவர் அதனை வரலாறென்றே கொள்வர்.

ஒரு நூலே வாங்க இயலும் பள்ளி நூலகம் டவுன்சென்ட்டை வாங்கலாம். பிரெஸ்காட்டை இவையனைத்துக்கும் பிறகு, உரைநடைச் சுவைக்காக எடுங்கள்.