கேட்காமலே எடுத்துக்கொண்ட சம்மதம்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் 1912-இல் பிறந்தவர் ரூபி டேனியல். தந்தை படகுத்துறையில் பயணச்சீட்டு விற்றவர். அந்தக் காலத்தில் அந்தத் தெருவின் பெண்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிவரை போவது அபூர்வம். ரூபி காயலைக் கடந்து எர்ணாகுளம் செயின்ட் தெரசாஸ் கான்வென்ட்டில் படித்தார்; அங்கேயே கல்லூரியிலும் ஓராண்டு படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது படைப் பணியில் சேர்ந்தார், 1951-இல் இஸ்ரேலில் குடியேறினார். மானிடவியலாளர் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து அவர் எழுதிய வாழ்க்கை நினைவுகள் 'ரூபி ஆஃப் கொச்சின்' என்ற நூலாக 1995-இல் வந்தன.

கத்தோலிக்கப் பள்ளியின் சமய வாழ்வைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ரூபியின் இந்தப் படகுப் பயணம்தான். அவருடைய குடும்பம் யூதர்களுக்குள் 'விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர்' என்று முத்திரை குத்தப்பட்ட பிரிவைச் சேர்ந்தது. ஜூ டவுனின் பரதேசி யூத ஆலயத்தில் இப்பிரிவினருக்குச் சம உரிமை இல்லை. அதற்காக வழக்கறிஞர் ஏ.பி. சாலம் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. சொந்தச் சமயத்தின் ஆலயத்தில் மறுக்கப்பட்ட இருக்கை, வேற்றுச் சமயத்தார் நடத்திய வகுப்பறையில் கிடைத்தது. அதுவும் எந்தச் சமயத்தார்? 1568-இல் எழுந்த அதே ஆலயத்தை 1662-இல் சேதப்படுத்தியவர்கள் போர்ச்சுக்கீசியக் கத்தோலிக்கர்கள். இரண்டரை நூற்றாண்டில் இவ்வளவு தூரம் வர முடிந்திருக்கிறது என்பதைச் சிறிய செய்தியாக நான் எண்ணவில்லை.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தது அரசின் கட்டளை மட்டுமல்ல, விசுவாசமும்தான். குரியாகோஸ் எலியாஸ் சாவரா அடிகள் 1864-இல் ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று பணித்தது ஒரு குருவாக. சென்னையில் 1858-இல் பிறந்த கிரேஸ் டி லீமா, லீமா புனித ரோஸின் தெரேசா அன்னை என்ற துறவுப் பெயருடன் 1887-இல் எர்ணாகுளத்தில் கார்மேல் சபை ஒன்றையும் பெண்களுக்கான பள்ளியையும் தொடங்கியதும் செபத்திலிருந்து பிறந்த முடிவுதான். எனவே, 'கல்வியை வைத்துக்கொள்ளுங்கள், செபத்தை வெளியே விடுங்கள்' என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஊற்றை அடைத்துவிட்டு ஆற்றில் தண்ணீர் கேட்பது நியாயமல்ல. மாதா கெபி, ஜெபமாலை மாதம், தவக்காலத்துச் சிலுவைப்பாதை, பாதுகாவலர் திருவிழா எல்லாம் ஒரு பள்ளியின் ஆண்டுக்கு உருவம் தருகின்றன. பெரியவர்கள் கைகூப்பி நிற்பதை, தங்களுக்கு மேல் ஒருவர் இருக்கிறார் என்று அவர்கள் ஒப்புக்கொள்வதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். வேறு எந்தப் பாடவேளையும் இதைக் கற்பிப்பதில்லை.

குறை எங்கே இருக்கிறது? செபத்தில் இல்லை, அதற்கான சம்மதத்தை யாரும் கேட்காததில் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு தெளிவாகவே சொல்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் படிப்பவரை அவருடைய சம்மதம் இல்லாமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது, அவர் சிறுவராக இருந்தால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். சிறுபான்மையினர் தம் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை 30(1) பிரிவு தருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல. ஆனால் நடைமுறையில் முதல் பிரிவைப் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. பெற்றோர் கான்வென்ட் வாசலில் வரிசையில் நிற்பது ஆங்கிலத்துக்காக, ஒழுங்குக்காக, பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்காக. அந்த வரிசையை நிர்வாகம் வழிபாட்டுக்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறது. பெற்றோரும் வாய் திறப்பதில்லை. கிடைத்த சீட்டை யார் சிக்கலாக்கிக்கொள்வார்?

காலை வழிபாட்டையே எடுத்துக்கொள்வோம். 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் செபத்தை ஒரு யூதச் சிறுமி மனவருத்தமின்றிச் சொல்லிவிடலாம். அதைக் கற்றுக்கொடுத்த இயேசு யூதர். அதன் வேண்டுதல்கள் யூத மரபில் ஊறியவை. ஆனால் நெற்றியிலிருந்து நெஞ்சுக்குச் சிலுவை அடையாளம் வரையும் கணத்தில் அவள் கை நின்றுவிடும். முஸ்லிம் பிள்ளைக்குத் தயக்கம் 'பிதா' என்ற அழைப்பிலேயே வந்துவிடலாம். இந்துக் குடும்பத்துப் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வீட்டில் விளக்குக்கு முன் வேறு பெயரைச் சொல்லலாம். எல்லை ஒவ்வொருவருக்கும் வேறு இடத்தில் இருக்கிறது. அதை ஆசிரியர் கேட்டால்தான் அறிய முடியும். கேட்காதபோது அறுநூறு பிள்ளைகளும் ஒரே குரலில் செபிப்பதாகத்தான் மேடையிலிருந்து தெரியும்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் இதில் இழப்பு உண்டு. இதை யாரும் பேசுவதில்லை. ஞானோபதேச வேளை வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது: கத்தோலிக்கர் ஓர் அறைக்கு, மற்றவர்கள் நீதிபோதனைக்கு. ஒன்றாக மதிய உணவு சாப்பிடும் தோழிகள் வாரம் ஒருமுறையேனும் தாங்கள் வேறு வேறு என்று கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எப்படி வேறு என்பதை மட்டும் ஒருவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. முதல் வெள்ளித் திருப்பலிக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரிசையில் நடத்திச் செல்லப்படும் பிள்ளைக்குக் கடவுளைத் தேடிப் போகும் வாய்ப்பு எப்போது வரும்? வருகைப்பதிவில் குறிக்கப்படும் பக்தி, பள்ளி முடிந்த அடுத்த மாதமே உதிர்ந்துவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம்.

கட்டாயத்தை மறுப்பதும் கேரளக் கிறிஸ்தவத்தின் பாரம்பரியமே. ஜூ டவுனிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் 1653 ஜனவரி 3-ஆம் நாள் தோமையார் கிறிஸ்தவர்கள் கூடி, இயேசு சபையினரின் அதிகாரத்துக்கு இனிப் பணிய மாட்டோம் என்று சபதம் செய்தார்கள். கூனன் குரிசு சத்தியம் என்று கேரளம் இன்றும் நினைவுகூரும் நிகழ்ச்சி அது. ரோமிலிருந்து வந்த வழிபாட்டு முறையைத் திணித்தபோது கிறிஸ்தவர்களே சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றி நின்று மறுத்த மண்ணில், ஒரு பிள்ளையின் மறுப்பு அவமதிப்பாகப் பார்க்கப்படக் கூடாது.

மட்டாஞ்சேரிக்கு அருகிலுள்ள பள்ளுருத்தியில் 2025 அக்டோபரில் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் புனித ரீத்தா பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி முக்காடு அணிந்து வந்தது தகராறாகி, பள்ளி இரண்டு நாள் மூடப்பட்டது. கல்வி அமைச்சர் தலையிட்டார். முடிவில் மாணவி வேறு பள்ளிக்குப் போவதென்று குடும்பம் தீர்மானித்தது. நிர்வாகத்தின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. சீருடை என்பது பணக்கார வீட்டுப் பிள்ளையையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தும் ஏற்பாடு. கேரள உயர் நீதிமன்றமும் 2018-இல் இதுபோன்ற ஒரு வழக்கில் பள்ளியின் உரிமையையே பெரிதாக வைத்தது. மறுபக்கம், தேசிய கீதத்தின்போது மரியாதையுடன் எழுந்து நின்று, பாட மட்டும் மறுத்த யெகோவா சாட்சிக் குழந்தைகளைக் கேரளப் பள்ளி ஒன்று வெளியேற்றியதை 1986-இல் உச்ச நீதிமன்றம் தவறென்றது. சட்டம் இரு திசையிலும் பேசும். கத்தோலிக்கப் பள்ளி தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. தன் விசுவாசத்தை உடையில் அணிந்தவர்கள் நடத்தும் இடம் அது. இன்னொருத்தியின் விசுவாசம் அவளுடைய உடையில் தெரிவதை எல்லாரையும்விட முன்னதாகப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் அவர்களே. அந்த மாணவி போனதில் பள்ளி ஓர் ஒழுங்கைக் காப்பாற்றியிருக்கலாம். தான் தொடங்கப்பட்ட காரணத்தில் ஒரு பகுதியை இழந்தது.

திருச்சபையின் ஏடுகள் இதற்கு முன்பே வழி சொல்லிவிட்டன. யூதர்களோடும் பிற சமயத்தாரோடும் உறவைப் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க அறிக்கையும், கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும் ஒரே நாளில், 1965 அக்டோபர் 28-இல், வெளியாயின. முதலாவதைப் பள்ளிகள் பெரும்பாலும் வாசிப்பதே இல்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024-இல் தந்த வழிகாட்டுதல், கிறிஸ்தவ மரபுகளைப் பிற சமயப் பிள்ளைகள்மேல் திணிக்க வேண்டாம் என்கிறது. காலைக் கூட்டத்தில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்கச் சொல்கிறது. எல்லாச் சமயத்தாருக்கும் ஒரு செப அறை வேண்டும் என்கிறது. முதலிரண்டையும் முழுமனதாக வரவேற்கிறேன். மூன்றாவதில் எனக்குத் தயக்கம் உண்டு. எல்லாரையும் ஓர் அறையில் அமர்த்தி எவருடையதுமல்லாத செபத்தைச் சொல்லவைப்பதாக அது முடிந்துவிட்டால், ஒவ்வொரு பிள்ளையின் சொந்தத் தெய்வமும் மங்கிப்போகும்.

அதைவிடப் பயனுள்ளது, அருகில் இருப்பதைப் பார்க்கவைப்பது. ஜூ டவுனில் கொச்சி அரண்மனைக் கோயிலும் யூத ஆலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. யூத வீரர்கள் சனிக்கிழமை போருக்கு வர மாட்டார்கள் என்பதால் கொச்சி மன்னர் அன்று போரைத் தவிர்த்தார் என்று சொல்லப்படுவதுண்டு. இதை ஞானோபதேசப் பிள்ளைகளும் நீதிபோதனைப் பிள்ளைகளும் ஒரே அறையில் கேட்கட்டும்; அந்த ஒரு பாடவேளைக்காவது வகுப்பு பிரியாமல் இருக்கட்டும். சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி கூடட்டும்: காலை வழிபாட்டில் உங்கள் பிள்ளை பங்கேற்கலாமா, அல்லது அமைதியாக நின்றால் போதுமா? 'அமைதியாக நிற்கட்டும்' என்று எழுதும் பெற்றோரின் பிள்ளைக்கும் அதே பெஞ்சு, அதே பரிவு, வகுப்புத் தலைவியாகும் அதே வாய்ப்பு.