வேர் வலிது, வேலை எங்கே?

‘தொழுகைக்கும் தாலாட்டுக்கும் தாய்மொழி போதும், அறிவியலுக்கு ஆளவந்தார் மொழியே வேண்டும்!’ ஆதிக்கக்காரர் ஓதிய இந்த மந்திரம் அயர்லாந்திலும் ஒலித்தது. 1831இல் எழுந்த தேசியப் பள்ளிகளிலே ஆங்கிலம் கோலோச்சிற்று. ஐரிஷ் மொழி வாயிற்படிக்கு வெளியே நின்றது. மந்திரம் மெய்தானா? ஒரே ஒரு சொல்லை உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

‘அறிவியல் சார்ந்த’ என்று பொருள்படும் ஐரிஷ் பெயரடை ‘ஓலீயக்’. அதன் வேர் ‘ஓல்’. தெரிந்தது என்பது பொருள். அதிலே கிளைத்தது ‘ஓலஸ்’, அறிவு. அறிவுடையவன் ‘ஓலீ’. வழிகாட்டிக்கும் அதுவே பெயர். தொலைபேசி எண்களைத் தொகுத்த ஏட்டையும் ‘ஓலீ’ என்றே அழைத்தனர்! அத்துடன் விகுதி சேர ‘ஓலீயக்த்’, அறிவியல். வேறொரு விகுதி சேர ‘ஓலீயக்’. எவரிடமும் கையேந்தவில்லை, இல்லத்திலிருந்த பொன்னையே உருக்கி அணிகலன் ஆக்கினர்.

இலக்கணமும் இல்லத்து இலக்கணமே. தமிழில் அடை பெயருக்கு முன்னே வரும். ஐரிஷில் பின்னே வரும். பெயர் பன்மையானால் ‘ஓலீயகா’ என நீளும். பெண்பாற் பெயரை அடுத்துவரும் அடையின் முதல் மெய் மெலிவது அம்மொழி மரபு. ‘பெரிய’ எனும் ‘மோர்’, ‘வோர்’ ஆகிவிடும். ‘ஓலீயக்’ உயிரொலியில் தொடங்குவதால் மெலிய இடமில்லை. புதுப்பொருளைச் சுமக்கும் சொல், பழைய நெறியிலே தடுமாறாது நடக்கிறது.

விண்ணியலுக்கு ‘விண்மீன் அறிவு’ எனச் சொந்தச் சொற்களையே இணைத்தனர். உளவியலுக்கோ கிரேக்க முன்னொட்டு. தூய்மை போயிற்றே என்பர் சிலர். நாம் அப்படிக் கருதவில்லை. தலை விருந்தாளியுடையதாயினும் உடல் வீட்டுக்குரியதே.

இலத்தீன் மருத்துவ நூல்களை 15ஆம் நூற்றாண்டிலேயே ஐரிஷில் பெயர்த்தெழுதினர் அந்நாட்டு மருத்துவர்கள். அந்த மொழிக்கா அறிவியல் ஏறாது?

எனினும், குறையைக் கூறாதுவிடின் திறனாய்வு புகழ்மாலையாகிவிடும். 1937இன் அரசியல் சட்டம் ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்றது. 1959இலும் 1977இலும் பேரகராதிகள் வந்தன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ, கல்விக்கூடத்திற்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவதாகக் கூறியோர் 71,968 பேர்தான்! சொல் இருக்கிறது, சோதனைச்சாலையில் அதைச் சொல்லும் நா அரிதாயிற்று. பழி சொல்லின் மீதல்ல. அதைச் சட்டத்தில் அமர்த்திவிட்டு வாழ்வில் அமர்த்தாதவர் மீதே.

இளந்தோழர்களே! அரியணை தந்தால் மட்டும் மொழி வாழாது. அன்றாட வேலை தரவேண்டும். அகராதியில் உறங்கும் சொல் அருங்காட்சியகத்து வாள். அது துருப்பிடிக்கும், போரிடாது.