வேரும் பொருளும்: ஆங்கிலச் சொற்பயிற்சியில் இலத்தீன் வேர்ப்பட்டியல்கள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

இந்திய அளவில் நடைபெறும் பணித்தேர்வுகள் பலவற்றில் ஆங்கிலச் சொல்லறிவு தனியொரு கூறாகச் சோதிக்கப்படுகிறது. பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வு, ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு ஆகியவற்றில் ஒருபொருட்சொல், எதிர்ச்சொல் வினாக்கள் இடம்பெறுகின்றன. இத்தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்வோர்க்கு, குறிப்பாகத் தாய்மொழிவழியில் பயின்று வந்தோர்க்கு, பயிற்சி நூல்கள் காட்டும் குறுக்குவழி இலத்தீன், கிரேக்க வேர்ப்பட்டியலாகும். வேர்கள் சிலவற்றை அறிந்தால் சொற்கள் பலவற்றின் பொருள் தாமே விளங்கும் என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்து. இக்கருத்து எவ்வகைச் சொற்களுக்குப் பொருந்தும், எவ்வகைச் சொற்களுக்குப் பொருந்தாது என்பதை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. முறையின் பின்னணி

இம்முறைக்குப் பரவலான செல்வாக்கைத் தேடித்தந்தவர்கள் அமெரிக்க ஆசிரியர்கள் ஆவர். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரவுன், பதினான்கு தலைமைச் சொற்களில் அடங்கிய முன்னொட்டுகளையும் வேர்களையும் கற்றால் 14,000-க்கும் மேற்பட்ட அகராதிச் சொற்களுக்கு வழி திறக்கும் என்றார். 1949-இல் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈசி' இந்தியத் தேர்வு மாணவர் பெரிதும் நாடும் நூலாக இன்றளவும் விளங்குகிறது.

லூயிஸின் நூலைப் பயிற்சிக் குறிப்பேடுகளோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. அந்நூலில் வேர் தனித்து நிற்பதில்லை. ஒரு கருத்துக்களம், அதன் சொற்கள், ஒலிப்பு, பயன்பாடு, மீள்பயிற்சி ஆகியவற்றின் நடுவே அது வைக்கப்படுகிறது. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு 'வேர் – பொருள் – எடுத்துக்காட்டு' என மூன்று பத்திகளாகச் சுருக்கியவை பின்வந்த பட்டியல்களே. இங்கு மறுக்கப்படுவது அப்பட்டியல்கள் கொண்டுள்ள மொழிக்கொள்கையாகும்.

2. இருவகைச் சொற்கள்

ஆங்கிலத்திலுள்ள செவ்வியல் மொழிச் சொற்கள் அனைத்தும் ஒருதன்மையன அல்ல. அவற்றை இருவகையாகப் பகுக்கலாம். அறிவியலாரும் மருத்துவரும் அறிந்தே ஆக்கிக்கொண்ட கலைச்சொற்கள் முதல் வகை. 'கார்டியாலஜி', 'டெர்மடைட்டிஸ்', 'ஆர்த்ரைட்டிஸ்' போன்றவற்றில் உறுப்புகளின் பொருளைக் கூட்டினால் சொல்லின் பொருள் பெரும்பாலும் கிடைக்கும். 'அழற்சி' எனும் பொருள்தரும் பின்னொட்டை அறிந்த மாணவர் புதிய நோய்ப்பெயர் ஒன்றைக் கண்டாலும் ஓரளவு பொருள் கொள்வார்.

பிரெஞ்சு வழியாகவும் எழுத்து வழக்கின் வழியாகவும் பல நூற்றாண்டுகளில் வந்து வழங்கிய பொதுச்சொற்கள் இரண்டாம் வகை. இவற்றின் பொருளை வழக்காறே உருவாக்கியது. இலத்தீனில் 'மந்தையினின்று வேறுபட்டு நிற்பது' எனும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்த 'எக்ரீஜியஸ்' முன்பு சிறப்பைக் குறித்தது. இன்று மிக மோசமான பிழையைக் குறிக்கிறது. இதன் எதிர்ச்சொல்லை வேர்கொண்டு தேடும் மாணவர் வழி தவறுவது உறுதி.

பட்டியல்கள் இவ்விரு வகைகளையும் கலந்து தருகின்றன. முதல் வகையில் கிட்டும் வெற்றி இரண்டாம் வகையின் மீதும் நம்பிக்கையை ஏற்படுத்துகிறது. இம்முறையின் அடிப்படைக் குறை இதுவே.

3. வேர்: பொருளுக்கா, வடிவத்திற்கா?

'அனுப்பு' எனும் பொருளுடைய 'மிட்' பட்டியல்தோறும் காணப்படும் வேராகும். 'டிரான்ஸ்மிட்' என்பதில் இப்பொருள் தெளிவாக உள்ளது. ஆனால் 'பர்மிட்', 'அட்மிட்', 'கமிட்' ஆகியவற்றில் இன்றைய ஆங்கிலம் பேசுவோர் 'அனுப்புதல்' எனும் பொருளை உணர்வதில்லை. 'உடன்' என்பதையும் 'அனுப்பு' என்பதையும் கூட்டிக் குற்றம் 'புரிதல்' எனும் பொருளைப் பெறுவதற்கு வழியில்லை.

எனினும் இச்சொற்களிடையே உறவே இல்லை எனக் கூறலாகாது. மார்க் அரனாஃப் 1976-இல் வெளியிட்ட சொல்லாக்கம் பற்றிய நூலில் இச்சிக்கலை ஆராய்ந்துள்ளார். 'மிட்' நிலையான பொருள் இல்லாததாயினும், பெயராக்க ஒட்டு சேரும்பொழுது ஒரே வகையில் திரிகிறது: 'பர்மிஷன்', 'அட்மிஷன்', 'டிரான்ஸ்மிஷன்'. ஒலியால் ஒத்த 'வாமிட்' எனும் சொல் இவ்வாறு திரிவதில்லை. எனவே 'மிட்' பொருளால் அன்றி, வடிவ ஒழுங்கால் இனங்காணப்படும் உருபனாகிறது. 'ரிசீவ் – ரிசெப்ஷன்', 'டிசீவ் – டிசெப்ஷன்' எனும் இணைகளும் இத்தகையனவே.

இம்முடிவு கற்பித்தலுக்கு முதன்மையானது. வேர்ப்பட்டியல் உறுதியாகத் தரக்கூடியது எழுத்துக்கூட்டும் சொற்குடும்ப உறவுமாகும். பட்டியல்களோ அதனை விடுத்துப் பொருளையே வாக்களிக்கின்றன.

4. ஒத்த வடிவமும் வேறுபட்ட பொருளும்

'பெட்' எனும் வடிவில் இரு வேர்கள் உள்ளன. 'பெடஸ்ட்ரியன்' என்பதில் இலத்தீன் 'அடி'. 'பீடியாட்ரீஷியன்' என்பதில் கிரேக்கக் 'குழந்தை'. லூயிஸ் இவற்றை வேறுபடுத்திக் காட்டியுள்ளார். சுருக்கப் பட்டியல்கள் பல அவ்வாறு செய்வதில்லை. 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்பதில் உள்ளதும் 'குழந்தை'யே. 1741-இல் நிக்கோலா ஆந்திரி குழந்தைகளின் உடற்கோணல்களைச் சீர்ப்படுத்தும் கலைக்கு இப்பெயரிட்டார். இன்று அத்துறை எல்லா வயதினரின் எலும்பு, மூட்டு நோய்களையும் உள்ளடக்கும். சரியான வேரை அறிந்தவர்க்கும் இங்கு இன்றைய பொருள் கிட்டுவதில்லை.

'இன்' எனும் முன்னொட்டு எதிர்மறையாகவும் 'உள்' எனும் பொருளிலும் வரும். 'இன்ஃபிளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. இதனைத் 'தீப்பற்றாதது' எனக் கொள்ளும் இடர் கருதியே தீப்பாதுகாப்புத் துறையினர் 'ஃபிளேமபிள்' எனும் வடிவத்தைப் பரிந்துரைத்தனர்.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. 'ஆகாரம்' எனும் சொல் வடிவத்தையும் உணவையும் குறிக்கிறது. முன்னது வடமொழியில் 'செய்' எனும் பொருளுடைய வினையடியினின்றும், பின்னது 'எடு, கொண்டுசெல்' எனும் பொருளுடைய வினையடியினின்றும் வந்தவை. தமிழில் இரண்டும் ஒரே வடிவம் பெற்றன. தமிழர் இதனை வேர் பகுத்து உணர்வதில்லை, தொடரால் உணர்கின்றனர். சொற்பொருளின் காரணம் எளிதில் புலப்படாது எனும் கருத்தைத் தொல்காப்பிய உரியியலும் சுட்டியுள்ளமை ஈண்டு நினையத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பொருந்தும். 'மேனுஃபாக்சர்' என்பதன் வேர்ப்பொருள் 'கையால் செய்தல்'. ஆலை உற்பத்தியைக் குறிக்கும் இடத்தில் வேரைப் பின்பற்றிக் 'கைவினை' என மொழிபெயர்த்தால் கருத்தே மாறிவிடும்.

5. தேர்வும் பயில்வோரும்

ஆங்கிலச் சூழலில் வளர்ந்த மாணவர் 'கமிட்' எனும் சொல்லை முன்பே அறிந்திருப்பார். அவர்க்கு வேர் ஒரு நினைவுத்துணை மட்டுமே. தாய்மொழிவழி மாணவர்க்கோ வேரே பொருளை ஊகிக்கும் கருவியாக அளிக்கப்படுகிறது. ஒரே பட்டியல் முன்னவர்க்கு அறிந்ததை உறுதிப்படுத்துகிறது. பின்னவரை அறியாததில் பிழைபடச் செய்கிறது. உதவி மிகுதியும் தேவைப்படுவோர்க்கே இம்முறை குறைவாக உதவுகிறது எனலாம்.

சொற்குடும்பங்களைப் படிநிலைப்படுத்திய லாரி பௌவர், பால் நேஷன் ஆகியோர் 1993-இல் வகுத்த ஏழு நிலைகளில் செவ்வியல் வேர்கள் இறுதி நிலையில் வைக்கப்பட்டுள்ளன. எளிதில் விளங்கும் ஒட்டுகள் முன்னும், பொருள் மங்கிய வேர்கள் பின்னும் அமையும் இவ்வரிசையைப் பயிற்சிப் பட்டியல்கள் தலைகீழாக்கி வேரிலிருந்தே தொடங்குகின்றன. அமெரிக்க உயர்கல்வித் தேர்வான ஜி.ஆர்.இ. 2011-இல் எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்களைக் கைவிட்டுச் சூழலில் சொல்லறிவைச் சோதிக்கும் முறையை வலுப்படுத்தியதும் கருதத்தக்கது.

முடிவுரை

வேர்ப்பயிற்சியை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. அதன் இடத்தை வரையறுத்தல் வேண்டும். கலைச்சொற்களில் வேர் பொருள் காட்டும். பொதுச்சொற்களில் அது வடிவ உறவை மட்டுமே காட்டும். ஆகவே, பொதுச்சொற்களைத் தொடரில் வைத்துப் பொருள் கற்பித்த பின்னரே அவற்றின் வேரை அறிமுகப்படுத்துதல் தகும். பட்டியல்களில் ஒத்த வடிவ வேர்களும் பொருள் மாறிய சொற்களும் தனியே குறிக்கப்படவேண்டும். சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. இன்று எதைக் குறிக்கிறது என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாத பாடநூலே பயில்வோர்க்குப் பயன்தரும்.