குடுவைக்குள் நித்தியகல்யாணி: ஆல்கலாய்டு ஆய்வுரைகளில் ‘உற்பத்தி’ என்னும் சொல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருந்துத் தாவரங்களின் ஆல்கலாய்டுகளைச் செல், திசு வளர்ப்பின் வழியே ஆய்வகத்தில் பெறுவது பற்றிய ஆய்வுரைகளில் ‘உற்பத்தி’ என்னும் சொல் பெருவழக்காக உள்ளது. ஒரு சேர்மம் தென்பட்டதையும், அதன் அளவு கூடியதையும், மருந்துக்குத் தேவையான அளவில் அது பெறப்பட்டதையும் அச்சொல் வேறுபாடின்றிச் சுட்டுகிறது. நித்தியகல்யாணியை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இம்மூன்றையும் பிரித்துரைக்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆல்கலாய்டு, திசு வளர்ப்பு, நித்தியகல்யாணி, வின்டோலின், கல்மரம், செங்காந்தள்

முன்னுரை

தாவரச் செல்லைத் தாய்ச்செடியிலிருந்து பிரித்துச் செயற்கை ஊடகத்தில் வளர்க்கலாம் என்னும் கருத்தை 1902இல் ஹேபர்லாண்ட் முன்வைத்தார். 1962இல் முராஷிகியும் ஸ்கூக்கும் வகுத்த ஊடகம் அக்கருத்தை ஆய்வகங்களின் அன்றாட நடைமுறையாக மாற்றியது. பெரும் பொருட்செலவின்றித் தொடங்கத்தக்கது என்பதால், தாவரவியல், உயிரித்தொழில்நுட்பத் துறைகளின் முனைவர் பட்ட ஆய்வுகளில் இத்துறை நிலையான இடம் பெற்றுள்ளது. இவ்வகை ஆய்வுரைகளின் முன்னுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன: மூலிகை அருகி வருகிறது, அதில் மருந்துப்பொருள் மிகக் குறைவு, ஆய்வக வளர்ப்பே இரண்டிற்கும் தீர்வு. இம்மூன்று கூற்றுகளும் ஒவ்வொரு தாவரத்திற்கும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியவை. மெய்ப்பிக்கப்படாமல் முன்னுரையில் நிற்கும் கூற்று முடிவுரையில் ‘உற்பத்தி’யாக உருமாறுவதே இங்கு ஆராயப்படும் சிக்கல்.

1. ஒரு சொல், மூன்று நிலைகள்

கேலஸ் திசுவின் சாற்றில் ஓர் ஆல்கலாய்டு இருப்பதை வண்ணப்பிரிகை முறையால் கண்டறிவது முதல் நிலை, இது ‘அறிதல்’. ஊடகத்தின் சர்க்கரை, வளர்ச்சி ஊக்கிகள் ஆகியவற்றை மாற்றியோ, மெத்தில் ஜாஸ்மோனேட் போன்ற தூண்டிகளைச் சேர்த்தோ அதன் விழுக்காட்டைக் கூட்டுவது இரண்டாம் நிலை, இது ‘பெருக்குதல்’. குறித்த கொள்ளளவில், குறித்த காலத்தில், தலைமுறை தோறும் குன்றாமல், வயல்வழிக்கு ஈடான செலவில் தூய பொருளைப் பெறுவது மூன்றாம் நிலை, இதுவே ‘உற்பத்தி’.

இரண்டாம் நிலையை மூன்றாம் நிலையாகக் கொள்வதால் நேரும் பிழையை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு லிட்டர் ஊடகத்தில் 10 கிராம் உலர்செல் விளைகிறது என்றும், அதில் ஆல்கலாய்டு 0.01 விழுக்காடு என்றும் கொள்வோம். கிடைப்பது 1 மில்லிகிராம். தூண்டி சேர்த்தபின் அது 0.05 விழுக்காடாக உயர்ந்தால், ஆய்வுரை ‘ஐந்து மடங்கு’ என்று எழுதும். ஆனால் தூண்டிகள் பலவும் செல் வளர்ச்சியைத் தடுப்பவை. உலர்செல் 5 கிராமாகக் குறைந்திருந்தால் கிடைப்பது 2.5 மில்லிகிராம் மட்டுமே. உண்மைப் பெருக்கம் இரண்டரை மடங்கு. அந்த அளவில் ஒரு கிலோகிராம் பெற நான்கு லட்சம் லிட்டர் ஊடகம் வேண்டும். விழுக்காட்டை மட்டும் தரும் அட்டவணை இவ்வுண்மையை வாசகருக்குக் காட்டுவதில்லை.

2. நித்தியகல்யாணி தரும் சான்று

கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் நோபிளும் பீரும் நித்தியகல்யாணி இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்த செய்தி 1958இல் வெளிவந்தது. அதன் நெருங்கிய உறவான வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நிலைபெற்றது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறத்தாழ 500 கிலோகிராம் உலர் இலை தேவை. ஆய்வக வளர்ப்பின்மீது இத்தனை நம்பிக்கை குவிந்ததற்கு இவ்வளவே போதிய காரணம்.

தொடக்க வெற்றியும் கிட்டியது. 1977இல் ஜெர்மனியின் செங்க் குழுவினர் இச்செடியின் செல் மிதவை வளர்ப்பில் அஜ்மலிசின், செர்பென்டைன் ஆகிய ஆல்கலாய்டுகளைப் பெற்றனர். ஆயினும் அஜ்மலிசினை வயல்வேரிலிருந்து எடுப்பதே மலிவானது என்று பின்வந்த பொருளியல் மதிப்பீடுகள் காட்டின. இலக்காக இருந்த வின்பிளாஸ்டினோ குடுவையில் பயன்தரும் அளவில் அமையவில்லை. வின்பிளாஸ்டின் என்பது கேதரந்தின், வின்டோலின் என்னும் இரு பாதிகளின் இணைப்பு. முதற்பாதியை வளர்ப்புச் செல்கள் ஆக்குகின்றன. இரண்டாம் பாதியை ஆக்குவதில்லை.

காரணத்தை 1999இல் செயின்ட் பியர், டி லூக்கா முதலியோர் வெளியிட்ட ஆய்வு தெளிவுபடுத்தியது. இவ்வாக்கப் பாதையின் படிகள் ஒரே செல்லில் நிகழ்வதில்லை. தொடக்கப் படிகள் உட்புளோயத்தை ஒட்டிய பாரன்கைமாவிலும், இடைப்படிகள் புறத்தோலிலும், வின்டோலினின் இறுதிப் படிகள் பால்செல்களிலும் அவற்றை ஒத்த தனிச்செல்களிலும் நிகழ்கின்றன. 2010இல் டி லூக்கா குழுவினர் மற்றொன்றையும் காட்டினர்: கேதரந்தின் இலையின் மேற்பரப்பு மெழுகில் சேர்கிறது, வின்டோலின் இலைக்குள் தங்குகிறது. இரு பாதிகளும் செடியிலேயே பிரிந்திருப்பதால்தான் இணைப்புப் பொருள் அருகிக் காணப்படுகிறது. இலையின் அமைப்பே இவ்வேதிவினையின் பட்டறை என்பது இதனால் பெறப்படும் முடிவு. கேலஸ் அவ்வமைப்பை இழந்த திரள். அதில் பட்டறையின் பணியாளர் சிலர் இருக்கலாம், பட்டறை இல்லை.

3. கல்மரம் காட்டும் எதிர்நிலை

அமைப்பும் வேதிப்பொருளும் வெவ்வேறு என்பதை எதிர்த்திசையிலிருந்து விளக்கும் சான்று தமிழகத்திலேயே உண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையின் கல்மரங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடையவை. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னெராவின் குறிப்பால் ஐரோப்பிய அறிவுலகுக்கு அறிமுகமான இவ்விடம், இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அங்குள்ள மரங்களில் உயிர்ப்பொருளின் இடத்தைச் சிலிக்கா பிடித்துவிட்டது. ஆயினும் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் காணும் தாவரவியலார், நாளங்களும் கதிர்த்திசுக்களும் அமைந்துள்ள முறையைக் கொண்டே அம்மரங்களின் இனத்தை அறிகின்றனர். கல்மரத்தில் அமைப்பு நிலைத்து வேதிப்பொருள் மறைந்தது; கேலஸில் செல் உயிர்த்து அமைப்பு மறைந்தது. இரண்டிலும் மருந்து இல்லை. ‘முழுஆக்குத்திறன்’ என்னும் கலைச்சொல், ஒரு செல் முழுச்செடியாகும் ஆற்றலைக் குறிக்குமேயன்றி, அச்செல் செடியாகாமலே செடியின் எல்லாப் பொருட்களையும் தரும் என்று உறுதியளிப்பதன்று.

4. எதிர்வாதங்கள்

தாவரச் செல் வளர்ப்பு எங்கும் உற்பத்தி நிலையை எட்டவில்லை என்று கூறுவதும் பிழையாகும். ஜப்பானில் 1980களில் ஷிகோனின் என்னும் சிவப்பு நிறமி உயிரி வினைகலனில் வணிக அளவில் பெறப்பட்டது. புற்றுநோய் மருந்தான பாக்ளிடாக்செல் இன்றும் செல் வளர்ப்பின் வழி ஆக்கப்படுகிறது. காப்டிஸ் செல்கள் பெர்பெரின் ஆல்கலாய்டை மிகுதியாகத் தருகின்றன. இவை அமைப்பற்ற செல்களே முழுமையாக ஆக்கவல்ல பொருட்கள். ஆகவே வெற்றி, சேர்மத்தின் ஆக்கப்பாதையைப் பொறுத்தது. ஒன்றின் வெற்றி மற்றொன்றுக்குச் சான்றாகாது. அமைப்புடைய மயிர்வேர் வளர்ப்புகள் வேரில் பிறக்கும் ஆல்கலாய்டுகளுக்கு ஏற்றவை. இலையில் பிறக்கும் வின்டோலினுக்கு அவையும் நேர்வழியல்ல.

2022இல் கீஸ்லிங் முதலியோர் ஈஸ்டில் கேதரந்தினையும் வின்டோலினையும் ஆக்கி, பின்னர் வேதிமுறையால் இணைத்து வின்பிளாஸ்டின் பெற்றனர். அதற்கு ஈஸ்டின் மரபணுத் தொகுதியில் 56 மாற்றங்கள் தேவைப்பட்டன. இப்பாதையின் தொடக்க நொதிகள் பற்றிய அறிவில் பெரும்பகுதி செல் வளர்ப்புகளிலிருந்தே கிடைத்தது. மருந்தைத் தராத குடுவை, மருந்து பிறக்கும் வழியைக் கற்பித்தது. இப்பயனை வெளிப்படையாக உரிமை கோருவதே அவ்வாய்வுகளுக்குப் பெருமை. உற்பத்தி என்னும் பொருந்தாப் போர்வை அதை மறைக்கிறது.

5. காப்பும் உழவரும்

அருகிவரும் மூலிகையைக் காத்தல் என்னும் வாதமும் தாவரத்திற்குத் தாவரம் மாறுபடும். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட நித்தியகல்யாணி தமிழகத்தின் தரிசுகளில் தானாகவே தழைப்பது. அதற்கு இவ்வாதம் பொருந்தாது. கேம்ப்டோதெசினுக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் வெட்டப்படும் நோத்தபோடைட்டஸ் மரத்திற்கு முழுமையாகப் பொருந்தும். மருந்துப் பற்றாக்குறை என்னும் வாதமும் இவ்வாறே. 2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு நேர்ந்தது, அங்கு அதை வழங்கிய இரு நிறுவனங்களுள் ஒன்று விலகியதால்; இலை கிட்டாமையால் அன்று.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் மற்றொரு கேள்வியை எழுப்புகிறது. உழவர் இதைக் கண்வலிக்கிழங்கு என்பர். மூலனூர் வட்டாரம் முதலிய வறண்ட பகுதிகளில் கொல்கிசின் செறிந்த விதைக்காக இது பயிராகிறது. மகரந்தச் சேர்க்கையைக் கையால் செய்யும் உழைப்பும் அதில் உண்டு. இப்பயிரில் திசு வளர்ப்பு இருவேறு பணிகளை ஆற்றலாம்: நோயற்ற நடவுக்கிழங்கை உழவருக்குத் தரலாம், அல்லது கொல்கிசினைக் குடுவையிலேயே ஆக்கி அவ்வுழவரின் சந்தையைக் குறைக்கலாம். இரண்டையும் ‘செங்காந்தள் மேம்பாடு’ என்று ஒரே சொல்லில் அடக்கும் ஆய்வுரை, யாருக்காக எழுதப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

முடிவுரை

ஆல்கலாய்டு வளர்ப்பு பற்றிய ஆய்வேட்டில் நான்கு விவரங்கள் இடம்பெறுதல் வேண்டும்: லிட்டருக்கு ஒரு நாளில் கிடைத்த மில்லிகிராம் அளவு, தூண்டியால் செல் வளர்ச்சியில் நேர்ந்த இழப்பு, அடுத்தடுத்த வளர்ப்புகளில் விளைச்சல் நிலைத்ததா என்பது, அதே பொருளை வயலிலிருந்து பெறும் வழியோடு ஒப்பீடு. இவை இருப்பின் ‘உற்பத்தி’ என்னும் சொல்லைக் கையாளலாம். இல்லையெனில் ‘அறிதல்’ அல்லது ‘பெருக்குதல்’ என்று எழுதுவதே முறை. அவ்வாறு எழுதுவதால் ஆய்வின் மதிப்பு குறையாது. அடுத்து வரும் ஆய்வாளர் தமது பணியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவரும்.