கெய்தோண்டே: நீக்கி நீக்கி வரைந்தவர்

வாசுதேவ் கெய்தோண்டேயின் ஓவியங்களை ‘ஜென் மௌனம்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவருக்கு ஜென்னில் நாட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் பயபக்தியோடு நிற்கிறோமே தவிர, படத்தைப் பார்ப்பதில்லை.

1924-இல் நாக்பூரில் பிறந்து, 1948-இல் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பட்டயம் பெற்றவர். தொடக்கத்தில் உருவம் வரைந்தார். பால் கிளேயின் சாயல் தெரியும். பிறகு உருவம் போய்விட்டது. தம் படங்களை ‘அரூபம்’ என்பதை அவர் ஏற்கவில்லை, ‘பொருள்சாராதவை’ என்பார். வெறும் சொற்சண்டை அல்ல இது. மரத்தைப் பார்த்து அதைக் கோடாகச் சுருக்குவது ஒன்று. மரத்திலிருந்து புறப்படவே இல்லை என்பது வேறு கட்சி.

செய்முறையைப் பாருங்கள். உருளையால் வண்ணம் ஏற்றுவார், கத்தியால் சுரண்டுவார், கிழித்த காகிதத்தால் ஒற்றியெடுப்பார். ஏற்றியதைவிட நீக்கியதுதான் கண்ணில் படுகிறது. எங்கள் சமண நூல்கள் வினைக்குச் சொல்லும் ‘உதிர்ப்பு’ என்ற சொல் இங்கே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. உலோகத் தகட்டில் ஆள் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தையே சித்தராக வணங்கும் வழக்கம் எங்களுக்கு உண்டு. உடனே ‘கெய்தோண்டே சமண ஓவியர்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! தகட்டின் விளிம்பு, போனவர் மனிதர் என்று சொல்கிறது. இவர் அந்த விளிம்பையும் விட்டுவைக்கவில்லை.

சில படங்களில் எழுத்துப்போல வடிவங்கள் மிதக்கும். வட்டெழுத்துப் படித்துப் பழகிய எனக்கு வாசிக்கத் துறுதுறுக்கும். சிதைந்த கல்வெட்டில் வாசகம் இருந்து அழிந்தது. இங்கே வாசகமே கிடையாது. அதில் மந்திரம் தேடுகிற விமரிசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1979-இல் வரைந்த படம் ஒன்று 2013 டிசம்பரில் மும்பை ஏலத்தில் சுமார் 23.7 கோடி ரூபாய்க்குப் போனது. ஆண்டுக்கு ஐந்தாறு படமே வரைந்தவர். சரக்குக் குறைவு, கிராக்கி அதிகம். வியாபாரிக்கு இதில் மர்மமில்லை. அவரோ 2001-லேயே போய்விட்டார்.

எனக்குப் பிடித்தவை வேறு. 1984 விபத்துக்குப் பின் பெரிய கித்தானில் வேலை செய்ய முடியாத சில ஆண்டுகள், காகிதத்தில் மையால் வரைந்தார். ஏலப் பேச்சில் அவை ஓரமாகத்தான் கிடக்கும். எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டலாம். காகிதத்தில் ஊறிய மையைச் சுரண்ட வழியில்லை. வேண்டாததை வரவிடாமலே தடுக்க வேண்டும். ‘செறிப்பு’ என்போம் நாங்கள். அந்தத் தாள்களில் சில கீற்றுகள், சுற்றிலும் வெள்ளை. அதோடு கையை எடுத்துவிட்டார்.