வாசலில் நிற்பவன்

புகைப்படத்தைக் கலையென்று ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு. பொத்தானை அமுக்கியவனுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்பார்கள். அவர்களுக்குக் காட்டவே ஒரு படம் வைத்திருக்கிறேன். 1912-இல் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் எடுத்தது. உயரமான கோட்டை வாசல். வளைவின் நிழலில் நாலைந்து ஆப்பிரிக்க ஸிப்பாய்கள், கையில் துப்பாக்கியுடன். ஸெனகல் துருப்புகள் நகர வாசலைக் காக்கிறார்கள் என்ற பொருளில் அடியில் பிரெஞ்சில் ஒரு வரி.

யாரிடமிருந்து காக்கிறார்கள்? அவ்வருஷம் மார்ச் 30-ஆம் தேதி ஸுல்தான் அப்துல் ஹஃபீத் பிரான்ஸின் 'பாதுகாப்பை' ஏற்று உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 17-இல் அவருடைய பட்டாளமே பிரெஞ்சு அதிகாரிகளை எதிர்த்துக் கலகம் செய்தது. மே கடைசியில் சுற்றுப்புறக் குடிகள் மதிலை முற்றுகையிட்டார்கள். ஆக, உள்ளே இருந்தவனிடமும் பயம், வெளியே இருந்தவனிடமும் பயம். ஊரைக் காக்க ஊரார் கட்டிய வாசல், ஊராருக்கு எதிராகவே காவல் காக்கப்பட்டது.

'ஸெனகல்' என்பதும் அரை உண்மைதான். அந்தப் படை 1857-இல் ஸெனகலில் தொடங்கியது. பிற்பாடு இன்றைய மாலி, கினி முதலிய இடங்களிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. படத்தில் நிறம் தெரியாது; ஆனால் அவர்கள் அணிந்த குல்லாய் சிவப்பு. அந்தக் குல்லாய்க்கு இங்கிலீஷில் ஃபெஸ் என்று இந்நகரின் பெயரேதான்!

கதை எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு சபலம் உண்டு. ஓரத்து ஸிப்பாய்க்கு நைஜர் நதிக்கரையில் ஒரு கிராமத்தையும் தாயாரையும் கொடுத்துக் கண் கலங்க வைத்துவிடலாம். நானும் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. அவன் துப்பாக்கிக்கு முன்னால் தலை குனிந்து போன ஊர்க்காரன் அதில் இல்லை. அவனுக்கும் தாயார் உண்டே! சரி, ஸிப்பாயை வில்லனாக்கலாமா? அதுவும் பொய்தான். 1944 டிஸம்பர் 1-ஆம் தேதி, டாக்காருக்கு அருகே தியாரோயில், சம்பள பாக்கி கேட்ட இதே படைக்காரர்களைப் பிரெஞ்சு ராணுவம் சுட்டுக் கொன்றது.

படம் இந்த இரண்டு சுலபங்களுக்கும் இடம் கொடுக்கவில்லை. அதுதான் அதன் உயர்வு. உத்தரவிட்ட அதிகாரி படத்திலேயே இல்லை. காமிராக்காரன் நின்ற பக்கத்தில் அவன் நின்றிருக்கலாம். பார்க்கிற நாமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறோம்.

பிரெஞ்சுக்காரர் சமாசாரம் என்று ஒதுக்குவதற்கும் இல்லை. 1882-இல் எகிப்துக்குப் போன பிரிட்டிஷ் சேனையில் சென்னை ஸாப்பர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நான் இதுவரை ஒரு வரி எழுதினதில்லை. எழுதினால், வாசலில் நின்றவனையும் அதன் வழியே போனவனையும் ஒரே கதையில் வைத்தாக வேண்டும். எனக்கு அது கைவருமா என்பது சந்தேகம்தான்.