கிறீன் வைத்தியரின் தமிழ் நூல்கள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்க மிசன் வைத்தியராய் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். 1864 முதல் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். இரணவைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன.

இந்நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் கலைச்சொற்களையே எடைபோடுகின்றனர். வடசொற் பெருக்கைக் குறைகூறுவாரும் உளர். அக்குறை முற்றும் பொய்யன்று. பிறமொழி ஒலியைத் தழுவிய 'கெமிஸ்தம்' என்னும் பெயரும் நிலைபெறவில்லை. இன்று நாம் இரசாயனவியல் என்கின்றோம். ஆயின், சொல்லாராய்ச்சி ஒன்றே இந்நூல்களை அளக்கும் கோலாகுமா?

ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். தமிழிற் கற்றோர் தம் கிராமங்களிலே தங்கி நோயாளரைப் பேணுவர் என்பது கிறீன் கொண்ட கருத்து. ஆகவே, அவர் எழுதிய தமிழ் நூல்களுக்கு அணியாய் வந்ததன்று. நோயாளரின் படுக்கையருகே பிறந்த தேவையால் வந்தது. நோயின் இயல்பை நோயாளியின் மொழியிலேயே எடுத்துரைக்க வல்ல வைத்தியரை ஆக்குவதே அந்நூல்களின் பயன். சொற்குறைகளை இப்பயனோடு சேர்த்து நோக்குதலே நேர்மையான திறனாய்வாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மேனாட்டு வைத்தியம் இன்று ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. கற்றதை நோயாளிக்குத் தமிழில் விளக்கும் பொறுப்போ அவ்வவ் வைத்தியரின் திறமைக்கு விடப்பட்டுள்ளது. கிறீனைப் போற்றும் நாம், அவர் ஆக்கிய சொற்களை எண்ணுவதோடு அமையாது, அவை யாருக்காக ஆக்கப்பட்டன என்பதையும் எண்ணுதல் வேண்டும்.